முதல் சந்திப்புக்கு முன் தயாரித்த கோப்பு

குழந்தையின்மைக்குச் சிகிச்சை தரும் மருத்துவரின் அறையில் கிடைக்கும் சில நிமிடங்களில் எதுவும் விடுபட்டுவிடக் கூடாது என்பதற்காக, மாதவிலக்குத் தொடங்கிய தேதிகளையும், பழைய தைராய்டு, ஸ்கேன் அறிக்கைகளையும், சித்தி வாங்கித் தந்த லேகியம் உட்பட நான் உட்கொண்டுவந்த எல்லா மருந்துகளின் பெயர்களையும் ஒரே கோப்பில் சேர்த்தேன். லேகிய டப்பாவின் பின்புறத்தை மருத்துவர் திருப்பித் திருப்பிப் படித்தார்.

குறை பெண்ணிடம்தான் என்று உறவினர்கள் முடிவுகட்டியிருந்தாலும் (அது எப்போதும் நடப்பதுதானே), என் கணவரும் உடன் வந்தார். விந்தணுப் பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாட்கள் உடலுறவைத் தவிர்க்க வேண்டும் என்பதையும், கருமுட்டை வளர்ச்சியைத் தூண்டும் ஹார்மோனின் அளவைப் பார்க்கும் எஃப்.எஸ்.எச். பரிசோதனைக்கு மாதவிலக்கின் 2 அல்லது 3ஆம் நாளில்தான் பொதுவாக இரத்தம் எடுப்பார்கள் என்பதையும் முன்கூட்டியே அறிந்து தேதி குறித்ததால், வீண் அலைச்சல் மிச்சமாயிற்று. மாமியாரை வெளியே காத்திருக்கச் சொன்னதால், பழைய கருச்சிதைவைப் பற்றித் தயங்காமல் பேச முடிந்தது.