இரண்டு சம்பளம் வரும் வீட்டின் சனிக்கிழமைக் கணக்கு

திருப்பூரில் சனிக்கிழமைதான் சம்பளம். அன்று ராத்திரி சாப்பிட்டதும் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு நோட்டை எடுத்து வைத்து உட்காருவோம். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் புதிதாக வேலைக்குப் போகிற வீட்டுக்கு உதவட்டும் என்று அந்தக் கணக்கை எழுதுகிறேன்.

நோட்டின் முதல் பக்கத்தில், இரண்டாவது சம்பளம் ஏன் தேவைப்பட்டது என்று எழுதுங்கள். ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் கிணறு வற்றித்தான் இங்கே வந்தோம். ஊரில் வீட்டு வாடகை கிடையாது, கீரையும் பாலும் காசில்லாமல் கிடைக்கும். இங்கே லைன் வீட்டு வாடகையில் தொடங்கி எல்லாமே காசு. அவருடைய சாயப்பட்டறைச் சம்பளத்தில் எப்படியோ ஓட்டினோம். நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் பட்டறைகள் மூடப்பட்டபோது அதுவும் நின்றது. ஏற்றுமதி பனியன் கம்பெனிகளில் செக்கிங்குக்குப் பெண்கள் தேவைப்பட்டார்கள், போய்ச் சேர்ந்தேன். அவருக்கு மறுபடி வேலை கிடைத்தபோது மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள், நகையும் அடகில் இருந்தது. அதனால் நான் நிற்கவில்லை.

அடுத்து, அந்தச் சம்பளத்தில் கையில் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். எனக்கு ஒரு ஷிப்டுக்கு 380 ரூபாய், ஆறு நாளைக்கு 2,280. சாயங்காலம் பையனைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு 300. டீ, பன் 120. அலுப்பில் சமைக்காமல் கடையில் வாங்குவது 200. பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் சுமார் 290. ஆக மிச்சம் 1,370. கடையில் வாங்கும் அந்த 200-ஐப் பலர் எழுதுவதே இல்லை. நான் வேலைக்குப் போவதால் வருகிற செலவுதானே அது, மறைக்காமல் எழுதுங்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பையன் நாலாவது படிக்கிறான், அரசுப் பள்ளியிலேயே காலைச் சாப்பாடு தருகிறார்கள். இந்த இரண்டும் இல்லாவிட்டால் மிச்சம் இன்னும் இறங்கும்.

பிடித்தம் வேண்டாம், முழுச் சம்பளத்தையும் கையில் கொடுங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். பிஎஃப் உங்கள் சேமிப்பு, கம்பெனியும் தன் பங்கைப் போட வேண்டும். இஎஸ்ஐ-க்கு நம் சம்பளத்தில் பிடிப்பது 0.75 சதவீதம், முதலாளி கட்டுவது 3.25. முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஒரு காலம் ஆறு மாதம்) 70 நாள் பணம் கட்டியிருந்தால், முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. எங்கள் லைனில் ஒரு பெண்ணுக்குப் பிடித்தமே இல்லை. பிரசவத்துக்கு வட்டிக்கு வாங்கினாள், இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

மிச்சப் பணம் எங்கே போக வேண்டும் என்பதை அன்றைக்கே முடிவு செய்யுங்கள். எங்களுக்கு 1,000 மகளின் காலேஜ் பீஸுக்கு, 370 நகையை மீட்க. மனைவி சம்பளம் கைச்செலவுக்கு என்று விட்டால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் காணாமல் போய்விடும்.

அப்புறம் ஒன்றரை ஷிப்ட். ஆர்டர் நெருக்கும்போது ராத்திரி எட்டரை வரை இருக்கச் சொல்வார்கள். அடுத்த வாரத்தில் எந்தெந்த நாள் யார் இருப்பது என்பதையும் சனிக்கிழமையே எழுதிவிடுங்கள். எங்கள் வீட்டில் திங்கள், புதன் நான். செவ்வாய், வியாழன் அவர். ஒரே நாளில் இரண்டு பேரும் இருப்பதில்லை. ஐந்தரைக்கு வருகிறவர்தான் உலை வைக்க வேண்டும், அது அவராக இருந்தாலும் சரி.