முக்கினால் புடைத்து, ஓய்ந்ததும் மறையும் கழுத்து வீக்கம்: செய்ய வேண்டியவையும் செய்யக் கூடாதவையும்

குழந்தை வீறிட்டு அழும்போதோ, இருமும்போதோ, மலம் கழிக்க முக்கும்போதோ கழுத்தின் ஒரு பக்கம் மட்டும் மெத்தென்று புடைத்து, பிறகு இருந்த இடம் தெரியாமல் அடங்கிவிடுமானால், அது நெறிக்கட்டாக இருக்க வாய்ப்புக் குறைவு. தலையிலிருந்து இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுசெல்லும் கழுத்துச் சிரை அவ்விடத்தில் அளவுமீறி விரிந்திருக்கலாம். சீராக நீளவாக்கில் விரிந்திருந்தால் ஃபிளெபெக்டேசியா என்றும், பைபோல் பிதுங்கியிருந்தால் சிரை அனியூரிசம் என்றும் மருத்துவர்கள் குறிப்பிடுகிறார்கள். இரண்டுமே அரியவை. குழந்தைகளிடம் இது பெரும்பாலும் வலப்பக்க உள் கழுத்துச் சிரையில் காணப்படுகிறது.

முதலில், வீக்கம் எழும்பி அடங்குவதைக் கைபேசியில் காணொளியாக எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர்முன் குழந்தை அமைதியாக அமர்ந்திருக்கும்போது கழுத்தில் எதுவுமே தெரியாது என்பதால், வாய்மொழி விளக்கத்தைவிட அந்தக் காணொளியே அதிகம் உதவும். வீக்கத்தில் துடிப்புத் தென்பட்டால் அது தமனி சார்ந்ததாக இருக்கலாம் என்பதால் அதையும் தவறாமல் சொல்லுங்கள். தைலம் தேய்ப்பது, ஒத்தடம் கொடுப்பது, அழுத்திப் பிசைவது ஆகிய எதுவும் வேண்டாம்.

அடுத்தது, ஒலி அலைகளால் இரத்த ஓட்டத்தைத் திரையில் காட்டும் டாப்ளர் ஸ்கேன். காது மூக்கு தொண்டை மருத்துவரோ அறுவைச் சிகிச்சை நிபுணரோ இதை எழுதித் தருவார். அமைதியாக இருக்கும்போது ஒருமுறையும் முக்கும்போது ஒருமுறையும் சிரையின் விட்டத்தை அளந்து குறிக்குமாறு கேட்பது அவசியம். ஓய்வு நிலையில் மட்டும் எடுத்த ஸ்கேன் ‘இயல்பு’ என்று வந்துவிடக்கூடும். விவரம் தெரிந்த பிள்ளையை வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு ஊதச் சொல்லலாம். கைக்குழந்தைக்கு அழுகையே போதும். பார்க்கும் தாய் பதறுவது இயல்புதான் என்றாலும், இந்தப் பரிசோதனைக்கு அந்த அழுகைதான் தேவை. ஸ்கேன் கருவியைக் கழுத்தில் அழுத்தி வைத்தால் மெல்லிய சுவருள்ள சிரை நசுங்கித் திரையிலிருந்து மறைந்துவிடும் என்பதால், அனுபவமுள்ளவர்கள் ஜெல்லைத் தாராளமாகப் பூசிக் கருவியைத் தொட்டும் தொடாமலும் பிடிப்பார்கள். குரல்வளையிலிருந்து பிதுங்கும் காற்றுப்பையும், நெஞ்சிலிருந்து மேலெழும் கட்டியும்கூட முக்கும்போது புடைக்கும். ஐயம் எழுந்தால் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன் தேவைப்படலாம்.

இந்த ஸ்கேன் முடியும்வரை ஊசி குத்தித் திசு எடுக்கும் பரிசோதனைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். உள்ளே இருப்பது இரத்தம் என்று தெரியாமல் குத்தினால் இரத்தக் கசிவு ஏற்படலாம்.

வெடித்துவிடுமோ என்ற அச்சமே பெற்றோரை அதிகம் வாட்டுகிறது. சிரையில் அழுத்தம் குறைவு என்பதால், தமனி அனியூரிசத்தில் உள்ள அந்த ஆபத்து இதில் மிக அரிது. வலியோ இரத்தக் கட்டியோ இல்லாத குழந்தைக்குப் பெரும்பாலும் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பதே போதுமானது. வளர்ந்துகொண்டே போனாலோ, வலித்தாலோ, உள்ளே இரத்தம் உறைந்தாலோ, தோற்றம் மிகவும் உறுத்தினாலோ அறுவைச் சிகிச்சை பற்றிப் பேசலாம். தோலுக்குச் சற்றுக் கீழே ஓடும் வெளிக் கழுத்துச் சிரையில் உள்ள பையை இருமுனையும் கட்டி அகற்றினால் இரத்தம் வேறு சிரைகள் வழியே சென்றுவிடும். உள் சிரையைக் கட்டுவதற்கு முன்போ, மூளையிலிருந்து வரும் இரத்தத்தை மறுபக்கச் சிரை தாங்குமா என்று பார்த்தாக வேண்டும்.

மென்மையாக இருந்த வீக்கம் திடீரெனக் கெட்டிப்பட்டு, அடங்காமல் வலித்தாலோ, அதனுடன் காய்ச்சல், மூச்சுத்திணறல், முகவீக்கம் இவற்றில் ஒன்று சேர்ந்தாலோ, அடுத்த ஸ்கேன் தேதிக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.