தெங்கிலிங்குக்கு என்ன கொடுக்கலாம்? முதலில் எதையும் கொடுக்காதீர்கள்

“அண்ணே, தெங்கிலிங் ஒண்ணு கெடச்சிருக்கு, திங்க என்ன கொடுக்கலாம்?” தெங்கிலிங் என்பது உடம்பெல்லாம் செதில் போர்த்திய நம் எறும்புத்தின்னிக்கு (பாங்கோலின்) மலாய்ப் பெயர். மலேசியாவின் பினாங்கில் காட்டை ஒட்டிய தாமான்களில், அதாவது குடியிருப்புகளில், இருந்து இப்படிக் குரல் செய்தி வருவது புதிதல்ல. ஆயர் ஈத்தாம், தெலுக் பஹாங், பாலிக் புலாவ், அக்கரையில் புக்கிட் மெர்தாஜாம் என்று எங்கிருந்தும் வரும். அனுப்புகிறவர் பல நேரம் எங்களோடு புதிதாகச் சேர்ந்த தன்னார்வலராகவே இருப்பதுதான் வேதனை. மனிதர் நடமாட்டத்தில் சிக்கிக்கொண்ட காட்டு விலங்குகளைப் பெர்ஹிலித்தானிடம், அதாவது அரசின் வனவிலங்குத் துறையிடம், ஒப்படைக்க உதவும் ஒரு சிறு குழு எங்களுடையது. அவ்வப்போது இரவு நடைக்கும் ஆட்களை அழைத்துப் போவேன். நாங்கள் ஆரம்பத்தில் பண்ணிய அதே கோளாறுகளைப் புதுப் பிள்ளைகளும் ஒன்று விடாமல் பண்ணுவதைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

கடிக்குமா, கொட்டுமா என்ற கேள்விகளை விட்டுவிடுகிறேன். எறும்புத்தின்னிக்குப் பல்லே கிடையாது.

எறும்பு தின்பதெல்லாம் ஒரே குடும்பம் என்று நினைப்பது

இணையத்தில் தேடினால் தென் அமெரிக்காவின் பெரிய எறும்புத்தின்னி வரும், ஆப்பிரிக்காவின் ஆர்ட்வார்க் வரும், ஆஸ்திரேலியாவின் எக்கிட்னா வரும். நீண்ட மூக்கு, நீண்ட நாக்கு, தோண்டும் நகம். பார்த்தால் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று தோன்றும். சொந்தபந்தம் எதுவும் இல்லை. எக்கிட்னா முட்டையிடும் பாலூட்டி. அதே ஆஸ்திரேலியாவில் இருக்கும் நம்பாட் கங்காரு வகையறா. பகலில் மட்டும் மேய்ந்து ஒரு நாளைக்கு 20,000 கரையான் வரை தின்னும். ஆப்பிரிக்காவின் ஆர்ட்வுல்ஃப் கழுதைப்புலிக்கு உறவு. ஒரே இரவில் 2 லட்சத்துக்கும் மேல் நக்கி எடுத்துவிடும். நம் தெங்கிலிங்கோ பூனையும் நாயும் கரடியும் இருக்கும் ஊனுண்ணிக் கூட்டத்துக்குத்தான் பக்கத்து உறவு. எல்லாம் ஒரே சாப்பாட்டைத் தேடிப் போய், தனித்தனியாக ஏறக்குறைய ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்தவை.

இது பள்ளிக்கூடப் பாடம் என்று ஒதுக்கிவிட முடியாது. வெளிநாட்டு விலங்குக்காட்சிச் சாலைகளில் பெரிய எறும்புத்தின்னிக்கு அவகாடோ கொடுப்பார்கள். அது ஆசையாக உறிஞ்சும் வீடியோவும் கிடைக்கும். அதைப் பார்த்துவிட்டு இங்கே ஒருவர் பாசாரில் இருந்து நல்ல அவகாடோவாகப் பொறுக்கி வாங்கிவந்து தெங்கிலிங்கின் முன்னால் வைத்தார். என்ன விலை என்பதையும் வருத்தத்தோடு சொன்னார்.

‘ரெண்டு நாள் வைத்துத் தேற்றி அனுப்பலாம்’

எனக்கு இன்னும் எரிச்சல் அடங்காதது இதில்தான். இதைச் செய்கிறவர்கள் எல்லாம் நல்ல மனசுக்காரர்கள். அதனால் திட்டவும் முடிவதில்லை.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மேலே சொன்ன அவகாடோவும் அங்கேதான். காட்டை ஒட்டிய கடைசி வரிசை வீடு. ராத்திரி தெருநாய்கள் சுற்றிநின்று குரைக்க, வெளியே வந்து பார்த்தால் கேட் ஓரம் ஒரு பெண் தெங்கிலிங் சுருண்டு கிடந்திருக்கிறது. நாய்களை விரட்டினார்கள். அதுவரை சரி. உடம்பில் காயம் எதுவும் இல்லை. விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போயிருந்தால் அரை மணி நேரத்தில் அதுவாகவே விரிந்து காட்டுக்குள் போயிருக்கும். ‘பாவம், பயந்துபோயிருக்கு’ என்று நீலப் பிளாஸ்டிக் டிரம்முக்குள் போட்டுப் பலகையால் மூடினார்கள்.

காலையில் பசும்பால் வைத்தார்கள். தொடவில்லை. பப்பாளி, அவித்த முட்டை, பூனை பிஸ்கட், அப்புறம் அவகாடோ. பாலை மட்டும் ஊசியில்லாத சிரிஞ்சில் ஏற்றி வாயோரம் விட்டிருக்கிறார்கள். எதுவும் வேலைக்கு ஆகாமல் போனபோது வீட்டுத் தம்பிக்கு ஒரு யோசனை வந்தது. எறும்புத்தின்னிதானே, எறும்பையே கொடுப்போம். பின்னால் நின்ற ரம்புத்தான் மரத்தில் இருந்து கெரங்கா (முசுறு எறும்பு) கூடு ஒன்றைப் பிளாஸ்டிக் பையோடு வெட்டி இறக்கி, சமையலறை வழியாக எடுத்துப் போயிருக்கிறான். பை கிழிந்தது. முசுறு எறும்பு எப்படிக் கடிக்கும் என்று தெரிந்தவர்களுக்கு அந்த அடுப்படி எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. டிரம்முக்குள் விழுந்தவையோ சுவரில் ஏறிப் போய்விட்டன, அல்லது சுருண்டு கிடந்த பிராணியின் செதில்களுக்கு இடையே புகுந்து கடித்தன.

எனக்குப் போன் வந்தது அதற்குப் பிறகுதான். பலகையை எடுத்தபோது மூக்கு நுனி தோலுரிந்து சிவந்திருந்தது. தப்பிக்க ராத்திரி முழுக்கச் சுரண்டியதில் முன்னங்கால் நகங்கள் மழுங்கி ஒன்றில் ரத்தம் கட்டியிருந்தது. அடியில் கன்னங்கரேலென்று ஒட்டும் கழிச்சல். பெர்ஹிலித்தான் ஆட்கள் வந்து எடுத்துப் போனார்கள். பிழைக்கவில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்பதைப் புரிந்துகொண்டால் அடுத்த முறை கை தானாக நின்றுவிடும். இந்தப் பிராணியின் உடம்பு முழுவதும் ஒரே வகைச் சாப்பாட்டுக்காக அமைந்தது. நாக்கின் வேர் தொண்டையோடு நிற்பதில்லை. மார்புக்கூட்டுக்குள் இறங்கி நெஞ்செலும்பின் கடைசி நுனிவரை போகிறது. எச்சில் கெட்டியான பசை. மெல்லப் பல் இல்லாததால் அரைக்கும் வேலையும் வயிற்றுக்குத்தான்: தடித்த உட்சுவரும், இரையோடு சேர்த்து விழுங்கிய மண்ணும் பொடிக்கல்லும் அரைக்கும். தட்டில் வைத்த முட்டையைக் கடித்துத் தின்ன அதற்கு வழியே கிடையாது. பாலை வாயில் விட்டால் மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரலாம்.

சரி, எறும்பே கொடுத்தால்? எல்லா எறும்பையும் அது தின்னாது. தனக்கு ஒத்துவரும் இனத்தை மோப்பம் பிடித்துத் தேடும். கூட்டைக் கிழித்து, நாக்கை விட்டு, சிப்பாய் எறும்புகள் திரண்டு வருவதற்குள் முடிந்ததை நக்கிவிட்டு அடுத்த கூட்டுக்கு நகர்ந்துவிடும். அந்த நேரத்தில் மூக்குத் துளையையும் காதையும் மூடிக்கொள்ளும். தடித்த இமை கண்ணைக் காக்கும். பகைகொண்ட ஒரு முழுக் கூட்டை டிரம்முக்குள் கொட்டினால் அதை உட்கார்ந்து தின்று தீர்க்கும் என்று எதிர்பார்ப்பது அதன் பிழைப்பையே தலைகீழாகப் புரிந்துகொள்வது.

தொழிலாகவே செய்கிறவர்களுக்கும் இது லேசில் கைவரவில்லை. தைப்பே விலங்குக்காட்சிச் சாலை பல ஆண்டு பரிசோதித்துத்தான் தேனீப் புழு, மாவுப்புழு, முட்டை மஞ்சள்கரு, ஆப்பிள் எல்லாம் சேர்த்து அரைத்த ஒரு கூழுக்கு வந்து சேர்ந்தது. வியட்நாமில் கடத்தலில் இருந்து மீட்டவற்றுக்கு உறைய வைத்த எறும்பையும் பட்டுப்புழுவையும் கொடுத்துப் பழக்குகிறார்கள். அங்கேயும் எல்லாம் பிழைப்பதில்லை. அடைபட்ட பதற்றத்திலேயே இரைப்பையில் புண் வருவதும் சளி பிடித்து நிமோனியா ஆவதும் இந்த இனத்தில் நன்றாகத் தெரிந்த சங்கதிகள். அந்தக் கறுத்த கழிச்சல் வயிற்றுக்குள் ரத்தம் கசிவதன் அடையாளம்.

ஆகவே: காயமில்லாமல் காட்டோரத்தில் இருந்தால் நாயை விரட்டுங்கள், விளக்கை அணையுங்கள், விலகிப் போங்கள். பகலில் வெயிலில் தள்ளாடினாலோ, காயம் இருந்தாலோ, கால்வாயில் விழுந்து ஏற முடியாமல் கிடந்தாலோ உடனே பெர்ஹிலித்தானைக் கூப்பிடுங்கள். ஆள் வரும்வரை காற்றுத்துளை போட்ட கெட்டியான பெட்டி, உள்ளே ஒரு பழைய துண்டு, மேலே கனமான மூடி. லேசான மூடியை அது தலையாலேயே தள்ளித் திறந்துவிடும். இருட்டான, சத்தமில்லாத மூலையில் வையுங்கள். ஏர்கோன் அறை வேண்டாம். ஆழமில்லாத தட்டில் தண்ணீர் போதும். சாப்பாடு எதுவும் வேண்டாம். வாலடியில் குட்டி ஒட்டியிருந்தால் பிரிக்காதீர்கள். பெரும்பாலும் ஒன்றுதான் போடும், தாய்மேல்தான் சவாரி செய்யும்.

‘நாளைக்குக் கூப்பிடலாம்’ என்பதற்குச் சட்டத்திலும் இடமில்லை. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தெங்கிலிங் முழுப் பாதுகாப்புப் பெற்ற இனம். 2022-ல் வந்த திருத்தம் அபராதத்தின் உச்சத்தை 10 லட்சம் ரிங்கிட்டுக்கும் சிறையை 15 ஆண்டுக்கும் உயர்த்தியது. தேற்றத்தான் வைத்திருந்தேன் என்பதை நீதிமன்றத்தில் போய்த்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

உருண்டையைப் பிரித்துப் பார்ப்பது

கூடாது. ஆணா பெண்ணா என்பது உங்களுக்கு எதற்கு?

தரையையே பார்த்து நடப்பது

ஊரில், அதாவது தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கும் இந்திய எறும்புத்தின்னி பெரும்பாலும் தரைவாசி. அதைப் படித்துவிட்டு வருகிறவர்கள் டார்ச்சைக் குனிந்தே பிடிக்கிறார்கள். நம் மலேசிய இனம் வாலைக் கிளையில் சுற்றிக்கொண்டு மரமேறும், மரப்பொந்தில் உறங்கும். அண்ணாந்து பாருங்கள். பார்த்ததும் டார்ச்சை முகத்தில் அடிக்காதீர்கள்.

தெங்கிலிங் கண்ணில் படாத இரவுதான் அதிகம். அதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளத் தேவையில்லை. எறும்பையும் கரையானையும் நம்பிப் பிழைக்கும் மற்றவர்கள் பகலிலேயே கிடைப்பார்கள். தண்ணீர்மலைக் கோயிலுக்கு அந்தப் பக்கம் தாவரவியல் பூங்காவில் எல்லாரும் குரங்கைப் பார்க்கும்போது நீங்கள் மரத்தண்டைப் பாருங்கள். பட்டையோடு பட்டையாக ஒட்டி, எதிரே வரும் எறும்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கும் பறக்கும் பல்லி இருக்கும். தாடைக்கீழ் மடல் விரிந்து மடங்கும்போதுதான் இருப்பதே தெரியும். செம்பழுப்பு மரங்கொத்தி இன்னும் துணிச்சல்காரி. மரத்தில் எறும்புகள் கட்டிய கூட்டையே குடைந்து அதற்குள் முட்டையிடும். அந்த எறும்பையே தின்றுவிட்டு அந்த வீட்டிலேயே பிள்ளை வளர்ப்பது அதற்குத்தான் முடியும்.

இரையையும் பழகிக்கொள்ளுங்கள். காட்டுப் பாதையில் கறுப்பு வரிசை ஒன்று கைப்பிடிக் கம்பி மேல் போனால் எறும்பு என்று தாண்டிப் போகாதீர்கள், குனிந்து பாருங்கள். வெட்டவெளியில் நடக்கும் கரையான் வகை அது. வேலைக்காரக் கரையான்கள் மரப்பட்டையில் சுரண்டிய பாசியை உருண்டையாக வாயில் கவ்விப் போகும். ஓரமாகக் காவல் நிற்கும் சிப்பாய்களின் தலை கூர்மூக்காக நீண்டிருக்கும். தொந்தரவு செய்தால் அந்த மூக்கில் இருந்து பசை பீய்ச்சும். கரையான் என்றால் வெள்ளையாக, மண்ணுக்குள் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தவர்கள் இங்கேதான் வாயைப் பிளப்பார்கள்.

வீட்டுக் கரையானுக்கு வைத்தியமாக நினைப்பது

சிரிக்காதீர்கள், இதை என்னிடம் இரண்டு பேருக்கு மேல் கேட்டிருக்கிறார்கள். தெங்கிலிங்கைக் கொல்லையில் விட்டால் வீட்டுக் கரையான் போய்விடுமா? போகாது. நம் வீடுகளைத் தின்பது பெரும்பாலும் மண்ணுக்கடியில் கூடு கட்டி, சுவர் விரிசல் வழியாக ஏறிக் கதவு நிலைக்குள் குடியிருக்கும் கரையான். தெங்கிலிங் அதைத் தின்ன வேண்டுமென்றால் முதலில் உங்கள் கதவு நிலையை உடைக்க வேண்டும்.

காட்டோர வீட்டில் வேலிக்கு வெளியே இருக்கும் கரையான் புற்றுக்கும் சேர்த்து மருந்தடிக்கச் சொல்கிறவர்களும் உண்டு. அது பெரும்பாலும் உங்கள் வீட்டுக்கு வராது. அங்கே மேய வருவது யார் என்று உங்களுக்கே இப்போது தெரியும்.

செதிலைத் தாயத்தாக எடுத்து வைப்பது

அது உங்கள் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின். நகத்தை வெட்டிக் கட்டிக்கொள்ளுங்கள்.

இடத்தோடு படம் போடுவது

உலகில் எட்டு வகை எறும்புத்தின்னிகள். எட்டுக்கும் அனைத்துலக வணிகத் தடை 2016-ல் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த CITES வனவிலங்கு வணிக மாநாட்டில் முடிவானது. அதற்கப்புறமும் 2019 பிப்ரவரியில் சபாவில் ஏறக்குறைய 30 டன் எறும்புத்தின்னி உடலும் செதிலும் பிடிபட்டன. அதே ஆண்டு ஏப்ரலில் சிங்கப்பூரில் ஒரு வாரத்துக்குள் 25 டன்னுக்கு மேல் செதில். அது ஆப்பிரிக்காவில் இருந்து வந்த சரக்கு. நம் மலேசிய எறும்புத்தின்னி 2014-ல் இருந்தே மிக அருகிய இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

இந்த நிலையில் ‘எங்கள் தாமான் பின்னால் தெங்கிலிங், சூப்பர் லா’ என்று தெருப் பெயர்ப் பலகை தெரியப் படம் போட்டால், லைக் போடுகிறவர்களோடு கண்ணி வைக்கிறவனும் பார்ப்பான். குடும்பக் குரூப்பில்தானே போட்டேன் என்பார்கள். குடும்பக் குரூப்பில் இருந்து எதுதான் வெளியே போகவில்லை? போனில் படத்துக்கு இடக்குறி சேரும் வசதியை அணைத்துவிடுங்கள். லொக்கேஷன் பெர்ஹிலித்தானுக்கு மட்டும் போகட்டும். போட்டே ஆக வேண்டும் என்று கை துடித்தால் சில மாதம் கழித்து, ஊர்ப் பெயர் இல்லாமல், பின்னால் எந்தக் கட்டடமும் தெரியாத படமாகப் பார்த்துப் போடுங்கள்.