சோலாரா, கரும்புச் சக்கையா: வேலூரை வைத்து ஒரு கணக்கு

எந்த வகை மின்சாரம் ஏற்றது என்று பல அளவுகோல்களில் மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பார்ப்போம். தேசிய மின்திட்டத்துக்கு ‘சோலார், காற்று, உயிர்க்கழிவு’ என்று மூன்று பெயரை எழுதிவிட்டு மதிப்பெண் போட உட்காராதீர்கள். கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தல் காற்று வேறு, வேலூர் காற்று வேறு. மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் அடிக்கும் காற்றை நம்பிப் பாலாற்றங்கரையில் காற்றாலை நட முடியாது. இடமும் தொழில்நுட்பமும் சேர்ந்தால்தான் அது ஒரு தேர்வு. 2019இல் மூன்றாகப் பிரியும் முன்பிருந்த வேலூர் மாவட்டத்துக்கு இப்படி மூன்று தேர்வுகளை எடுத்துக்கொள்வோம்: தரிசு நிலத்தில் சோலார், கூரைச் சோலார், அம்முண்டி போன்ற சர்க்கரை ஆலையின் கரும்புச் சக்கையை எரித்து எடுக்கும் மின்சாரம்.

மதிப்பெண்ணுக்கு முன்னால், தகுதியற்ற தேர்வுகளைக் கழிக்க ஒரு சல்லடை. எல்லாவற்றையும் கூட்டும் முறையில், மலிவு விலைக்குக் கிடைத்த மதிப்பெண் தண்ணீர்ப் பஞ்சத்தை மறைத்துவிடும். தோல் ஆலைக் கழிவு பற்றிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரும் அளவுக்குப் பாலாற்று நீர் கெட்டுப்போயிருந்த ஊர் இது. இங்கே தண்ணீரைப் பேரம் பேசும் அளவுகோலாக வைக்காதீர்கள். கொதிகலன் நீராவியைக் குளிர்விக்கும் நீர், பேனல் கழுவும் நீர் இரண்டுக்கும் ஓர் உச்சவரம்பு வையுங்கள். தாண்டும் தேர்வைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

அடுத்து அளவுகோல்கள். ஐந்தாறு போதும். யூனிட் விலையையும் முதலீட்டையும் தனித்தனியாக வைத்தால் ஒரே செலவு இரண்டு முறை எண்ணப்படும். பலரிடம் நாம் பார்க்கும் பிழை இதுதான். கண்ணுக்கும் எளிதில் படாது. கணக்கு புரிய, விலை, நிலம், மாலை மின்சாரம் (வெயில் இறங்கிய பிறகும் கிடைப்பது) என்ற மூன்றை மட்டும் வைத்துப் போடுவோம்.

எந்த அளவுகோலுக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதே வெயிட்டேஜ். அதற்குத் தாமஸ் சாட்டி வகுத்த ஏஎச்பி (Analytic Hierarchy Process) முறை. இரண்டிரண்டாக ஒப்பிட்டு 1 முதல் 9 வரை எண் கொடுக்க வேண்டும். விலை நிலத்தைவிட 3 மடங்கு முக்கியம், மாலை மின்சாரத்தைவிட 2 மடங்கு. மாலை மின்சாரம் நிலத்தைவிட 2 மடங்கு என்று வையுங்கள். ஓர் அளவுகோலைத் தன்னோடு ஒப்பிட்டால் 1; எதிர்த்திசை ஒப்பீட்டுக்குத் தலைகீழ் எண் (3க்கு 1/3). இப்படி ஒவ்வொரு அளவுகோலுக்கும் வரும் மூன்று எண்களைப் பெருக்கிக் கனமூலம் எடுத்தால் விலை, நிலம், மாலை என்ற வரிசையில் 1.82, 0.55, 1.00. மொத்தத்தால் வகுத்தால் விலை 0.54, நிலம் 0.16, மாலை 0.30.

ஒப்பீடுகள் ஒன்றோடொன்று எவ்வளவு இடிக்கின்றன என்று காட்டும் முரண்பாட்டு விகிதம் 0.10க்குள் இருக்க வேண்டும்; இங்கே 0.01கூட வராது. ஒருவர் ‘விலை நிலத்தைவிட 5 மடங்கு, நிலம் மாலையைவிட 3 மடங்கு, ஆனால் விலை மாலையைவிட 3 மடங்குதான்’ என்றால் விகிதம் 0.25 ஆகிவிடும். அவர் எண்ணை நீங்களே திருத்தாதீர்கள். எந்த ஒப்பீடு இடிக்கிறது என்று காட்டி அவரிடமே மறுபடி கேளுங்கள்.

பலரின் கருத்தைச் சேர்க்கும்போது சாதாரண சராசரி வேண்டாம். நிலம் விலையைவிட 3 மடங்கு முக்கியம் என்கிறார் விவசாயி, மின்வாரியப் பொறியாளர் 1/3 என்கிறார், சராசரி 1.67. எதிர்த்திசையில், விலையை நிலத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டாலும் அதே 1.67 வரும். இரண்டும் ஒன்றையொன்று விட முக்கியம் என்று அர்த்தமாகிவிடும்! இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கும் பெருக்கல் சராசரி 1 கொடுக்கும், அதுதான் சரி.

இனி எண்களை 0 முதல் 1 வரைக்கு மாற்ற வேண்டும். தரிசு நிலச் சோலாருக்கு 1 மெகாவாட்டுக்கு 4 முதல் 5 ஏக்கர். கூரைக்குத் தனி நிலம் பூஜ்யம். ‘குறைந்ததை ஒவ்வொன்றாலும் வகு’ என்ற வழி இங்கே வேலைக்காகாது, பூஜ்யம் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிவிடும். மிக அதிக எண்ணிலிருந்து ஒவ்வொன்றையும் கழித்து, அதிகத்துக்கும் குறைந்ததுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: பிறகு புதிதாக ஒரு தேர்வைச் சேர்த்தால் வித்தியாசம் மாறி, பழையவற்றின் வரிசை தலைகீழாகலாம். பட்டியலை முதலிலேயே மூடிவிடுங்கள்.

பயிற்சிக்காக விலை, நிலம், மாலை என்ற வரிசையில் மதிப்பெண் இப்படி இருக்கட்டும்: தரிசு சோலார் 1, 0, 0; கூரை 0.5, 1, 0; சக்கை 0, 0.8, 1. வெயிட்டேஜால் பெருக்கிக் கூட்டினால் தரிசு சோலார் 0.54, கூரையும் சக்கையும் தலா 0.43. சோலார் ஜெயித்துவிட்டது என்று அறிக்கை எழுதிவிடாதீர்கள். விலையின் வெயிட்டேஜை மட்டும் குறைத்து, மற்ற இரண்டையும் அதே விகிதத்தில் ஏற்றிப் பாருங்கள். 0.48க்குக் கீழே போனதும் சக்கை முந்திவிடும். பத்துப் பதினொரு சதவீதக் குறைவிலேயே முடிவு புரள்கிறது. தவிர, சக்கைக்கு மாலையில் முழு 1 கொடுத்ததே தாராளம்: அரவை நடக்கும் மாதங்களில்தான் சக்கை கிடைக்கும். அதை 0.5 ஆக்கினால் மொத்தம் 0.28க்கு இறங்கிவிடும்.

ஒவ்வொரு வெயிட்டேஜையும் 20 சதவீதம் ஏற்றி இறக்கி இதே சோதனையைச் செய்யுங்கள். எக்செலில் அரை மணி நேர வேலை. வரிசை புரளும் எண்ணை மதிப்பெண் அட்டவணைக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள், பின்னிணைப்பில் ஒளிக்காதீர்கள். ஒப்புதல் கூட்டத்தில் முதலில் வரும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.