அம்மா ‘யோசனை’ என்று சொன்னால்

கனடாவின் ஒன்ராறியோவுக்குப் பெற்றோரை அழைப்பவர்கள் குளிர் அங்கி, சுகாதார அட்டை என்று நீளமாகப் பட்டியல் போடுகிறார்கள். முதல் மாரிகாலத்தில் வரக்கூடிய மனச்சோர்வை யாரும் அதில் எழுதுவதில்லை.

அது அந்தப் பெயரில் வருவதுமில்லை. ஸ்காபரோவுக்கு வந்த முதல் டிசம்பரில், மாலை நாலே முக்காலுக்கே இருட்டிவிடும் ஜன்னலோரம் அம்மா கோடாலித் தைலத்தை நெற்றியில் தேய்த்தபடி உட்கார்ந்திருப்பார். தலையிடி, நெஞ்சடைப்பு, நித்திரையின்மை. இதயத்தை இரண்டு முறை பார்த்தார்கள்; பழுதில்லை. “ஒரே யோசனையாக இருக்கிறது” என்று அவர் வைத்தியரிடம் சொன்னதை, “நிறையச் சிந்திக்கிறார்” என்று ஆங்கிலத்தில் சொல்லி வைத்தேன். நல்லதுதானே என்று வைத்தியர் சிரித்தார். அதோடு ஆறு மாதம் போயிற்று.

யாழ்ப்பாணத்தாருக்கு யோசனை என்பது விடாமல் அரிக்கும் கவலை. மனநோய் என்றாலோ, அந்தத் தலைமுறைக்குக் கொழும்புப் பக்கத்து அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். அங்கே போய் வந்தவர் வீட்டில் யார் சம்பந்தம் செய்வார்கள்? போரில் பிள்ளையை இழந்தவர்களைப் பார்த்தவர்களுக்கு, “எனக்குச் சோர்வு” என்று சொல்லவே கூச்சம். ஏழரைச் சனி என்பார்கள். மல்லுக்கட்டாதீர்கள், கோயிலுக்கும் கூட்டிப்போங்கள், வைத்தியரிடமும் கூட்டிப்போங்கள்.

பசியும் நித்திரையும் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரம் போனால் குடும்ப வைத்தியரைப் பாருங்கள். மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். மகன் பக்கத்தில் இருக்கும்போது மருமகளைப் பற்றி எந்தத் தாய் வாய் திறப்பார்? எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் கிடைத்த அன்று அம்மா நாற்பது நிமிடம் பேசினார். நான் வெளியே இருந்தேன். என்ன பேசினார் என்று இன்றுவரை கேட்கவில்லை.

தைராய்டு, பி12 இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். அந்தக் குறைபாடுகளும் இதே முகத்தைக் காட்டும். மாத்திரை தந்தால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மூன்றாம் நாளே “சரிவரவில்லை” என்று மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடுவார்கள், கவனம்.

அருகிலுள்ள முதியோர் சங்கங்களை அறிய, சமூக சேவைகளுக்கு வழிகாட்டும் 211 எண்ணை அழைத்துத் தமிழில் பேச வேண்டும் என்று சொல்லலாம். “செத்தால் நல்லது” என்ற பேச்சு வந்தால் அலட்சியம் செய்யாமல் உடனே தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள். ஆங்கிலமும் பிரெஞ்சும்தான், ஆகவே பக்கத்திலேயே இருங்கள்.

மாரியில் காலைவேளைகளில் கடைத்தொகுதிக்குள் நம்மூர் ஆட்கள் கூட்டமாக நடப்பார்கள். அங்கே போகும் பஸ்ஸின் இலக்கத்தைத் தமிழில் எழுதி, அம்மாவின் கைப்பைக்குள் வைத்துவிடுங்கள்.