ஆற்றின் வாழிடத்தைக் கணக்கெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நொய்யலையோ பவானியையோ ஆய்வு செய்யக் கிளம்புகிறவர்கள் பலரும் முதலில் எடுப்பது, நீரில் கரைந்த உப்புகளைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரைத்தான். தண்ணீரின் தரம் வேறு, வாழிடத்தின் தரம் வேறு. பல மீன்களுக்கு முட்டையிடச் சரளை வேண்டும். கோடையில் ஒதுங்க மடு வேண்டும். இவை இருக்கின்றனவா என்று மீட்டர் சொல்லாது. தண்ணீர் கண்ணாடி போல ஓடினாலும், இருபுறமும் கான்கிரீட் சுவர் எழுப்பிப் படுகையைச் சமப்படுத்திவிட்டால் உயிர்கள் தங்க அங்கே இடமில்லை.

என் பார்வையில் மிகப் பெரிய தவறு, 'சுத்தமாக இருக்கிறது' என்பதற்காகவே கரைக்கும் படுகைக்கும் தரும் மதிப்பெண்ணைக் கூட்டுவது. பொக்லைன் ஓட்டி வழித்துவிட்ட கரை பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் நாணலும் நீர்மருதும் போன பிறகு மண்ணைப் பிடித்து நிறுத்த எதுவும் மிஞ்சாது. தண்ணீருக்குள் இறங்கிய மருத வேர்களும், விழுந்து கிடக்கும் மரமும் மீன் குஞ்சுகளின் ஒதுங்கிடம். அவற்றைக் குப்பையோடு சேர்த்து எழுதாதீர்கள். அதேபோல, பச்சையாகத் தெரிவதெல்லாம் நல்ல கரையும் அல்ல. சீமைக் கருவேலமும் ஆகாயத்தாமரையும்கூடப் பச்சைதான். 'செடிகொடி உண்டு' என்று மட்டும் எழுதினால் போதாது. என்ன செடி, எவ்வளவு தூரம் என்று எழுத வேண்டும்.

பாலத்தின் மேல் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் படிவத்தை நிரப்புவதும் வேண்டாம். பாலம் கட்டிய இடத்தில் கரையும் படுகையும் ஏற்கெனவே மாறியிருக்கும். பிரிட்டனில் 1990-களில் வகுத்த ஆற்று வாழிடக் கணக்கெடுப்பு முறையில் 500 மீட்டர் நீளத்தை எடுத்துக்கொண்டு, 50 மீட்டருக்கு ஒன்றாக 10 இடங்களில் நின்று பதிவு செய்கிறார்கள். அழகான இடம், குளிக்கும் துறை என்று பொறுக்கி எடுப்பதை அது தடுக்கிறது.

கொங்கு நாட்டில் தனியாகச் சொல்ல வேண்டியது அணைக்கட்டுகளைப் பற்றி. சித்திரைச்சாவடி தொடங்கி நொய்யலில் பழைய அணைக்கட்டுகள் பல உண்டு. அவற்றுக்குப் பின்னால் தேங்கி நிற்கும் நீரை மடு என்று எழுதிவிடுகிறார்கள். இயற்கையான மடு, வளைவிலும் பாறைக்குக் கீழும் வெள்ளம் குடைந்து உண்டானது. தேக்கத்திலோ ஓட்டம் தளர்ந்து, வண்டல் படிந்து கற்களை மூடிவிடும். இரண்டையும் தனித்தனியே குறியுங்கள்.

கற்களை அளக்கும்போது கண்ணில் படும் பெரிய கல்லையே கை தேடிப் போகும். அமெரிக்க ஆற்றியல் ஆய்வாளர் வோல்மன் 1954-இல் சொன்ன முறைப்படி, படுகையைக் குறுக்கே நடந்து, குனிந்து பார்க்காமல் விரல் தொட்ட கல்லை எடுக்க வேண்டும். இப்படி 100 கற்கள் எடுக்க வேண்டும். நீளத்தையோ தடிமனையோ அல்ல, இடைப்பட்ட அகலத்தை அளக்க வேண்டும்.

வறண்டு கிடக்கும் ஓடையை 'செத்த ஆறு' என்று ஒதுக்காதீர்கள். படுகையின் அமைப்பு நன்றாகத் தெரிவது அப்போதுதான். மேட்டுப்பாளையம் பக்கம் பவானியில் இதற்கு நேர்மாறான சிக்கல்: மேலே உள்ள பில்லூர் அணையில் மின்சாரத்துக்காகத் தண்ணீர் திறந்தால் மட்டம் சட்டென்று ஏறும். காலையில் அளந்த அகலம் மாலையில் பொருந்தாது. உயிருக்கும் ஆபத்து, திறப்பு நேரத்தை விசாரிக்காமல் இறங்கவே கூடாது.

இடக்கரை, வலக்கரை என்பதை நீர் ஓடும் திசையைப் பார்த்து நின்றுதான் சொல்ல வேண்டும். இரு கரைகளுக்கும் ஒரே மதிப்பெண்ணாகச் சராசரி போடாதீர்கள். ஒருபுறம் மருதந்தோப்பும் மறுபுறம் கட்டடக் கழிவும் இருந்தால், சராசரியில் இரண்டுமே மறைந்துபோகும்.