அணுவின் பெயரைக் கண்டுபிடிப்பது எப்படி? புரோட்டானை எண்ணுங்கள்!

தனிம வரிசை அட்டவணை, ஒரு தாள், பென்சில். இவ்வளவுதான் தேவை.

படி 1: இரண்டு எண்களைப் பிரித்தறியுங்கள்

கார்பன் கட்டத்தைப் பாருங்கள். 6 என்ற முழு எண்தான் அணு எண், அதாவது கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை. புள்ளியோடு இருக்கும் 12.011 சராசரி அணு நிறை. இப்போதைக்கு அதை மறந்துவிடுங்கள்.

படி 2: ஒரு புதிர்

11 புரோட்டான், 12 நியூட்ரான், 10 எலக்ட்ரான். இது எந்தத் தனிமம்?

10 எலக்ட்ரானைப் பார்த்ததும் நியான் என்று எழுதத் தோன்றும். நானும் முதன்முதலில் அப்படித்தான் எழுதினேன். ஆனால் வேதிவினைகளில் எலக்ட்ரான்கள் வரும், போகும், கருவிலுள்ள புரோட்டான்கள் மாறாது. 11ஆம் கட்டத்தில் இருப்பது சோடியம். நேர்மின் புரோட்டானைவிட எதிர்மின் எலக்ட்ரான் ஒன்று குறைவதால், இது +1 மின்னூட்டம் கொண்ட சோடியம் அயனி, அதாவது மின்னூட்டம் பெற்ற அணு. நிறை எண், அதாவது புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்த எண்ணிக்கை, 11 + 12 = 23.

படி 3: நியூட்ரானை மாற்றிப் பாருங்கள்

6 புரோட்டானோடு 6 நியூட்ரான் இருந்தாலும் 8 இருந்தாலும் அது கார்பன்தான். ஐசோடோப்பு, அதாவது நியூட்ரான் எண்ணிக்கையில் மாறுபடும் வகை, மட்டுமே வேறு. ஆனால் கார்பன்-14 சிதையும்போது ஒரு நியூட்ரான் புரோட்டானாகிவிடுகிறது. நிறை எண் அதே 14. புரோட்டான் 7 ஆகிவிட்டதால் அது இனி நைட்ரஜன்! எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு இது.

படி 4: நிறையை ஏன் நம்பக் கூடாது?

52, 53ஆம் கட்டங்களுக்குப் போங்கள். டெலூரியத்தின் நிறை 127.60, அடுத்து வரும் அயோடினுக்கோ 126.90. நிறை ஏறவில்லை, இறங்குகிறது. 1869இல் அட்டவணையை வெளியிட்ட ரஷ்ய வேதியியலாளர் மெண்டெலீவ், வேதிப்பண்புகளைப் பார்த்து அயோடினைப் பின்னால்தான் வைத்தார். டெலூரியத்தின் நிறையைத் தவறாக அளந்துவிட்டார்கள் என்று நினைத்தார். அளவில் தவறில்லை. வரிசையைத் தீர்மானிப்பது நிறை அல்ல, அவ்வளவுதான். 1913இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ஹென்றி மோஸ்லி தனிமங்கள் வெளியிடும் எக்ஸ் கதிர்களை அளந்தார். அதிர்வெண்ணின் வர்க்கமூலம் கட்டத்துக்குக் கட்டம் சீராக ஏறியது. அணு எண் வெறும் வரிசை எண் அல்ல, கருவின் மின்னூட்டம் என்று தெரிந்தது அப்போதுதான். இரண்டே ஆண்டுகளில், 27 வயதில், அவர் முதல் உலகப் போரில், துருக்கியின் கலிப்போலி போர்க்களத்தில் இறந்துபோனார்.

படி 5: நீங்களே செய்யுங்கள்

மூன்று துகள்கள், மூன்றிலும் 18 எலக்ட்ரான்கள். புரோட்டான்கள் முறையே 17, 18, 19. பெயரையும் மின்னூட்டத்தையும் எழுதிவிட்டுக் கீழே பாருங்கள்.

விடை: குளோரைடு அயனி (−1), ஆர்கான் (0), பொட்டாசியம் அயனி (+1).